‘வேலைக்குப் போறீங்களா?’ என்று கேட்டால்

வாசலில் கணக்கெடுப்பாளர் நிற்கிறார். கையில் டேப்லெட், தோளில் பை.

“அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா?”

“இல்ல தம்பி, வீட்லதான் சும்மா இருக்கேன்.”

பதில் பதிவாகிறது. அடுத்த கேள்வி அவருடைய கணவரைப் பற்றியது.

“சும்மா இருக்கேன்” என்று சொன்னவர் விடியும் முன்னே எழுந்து, தொழுவத்தைக் கூட்டி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புல்லறுக்கப் போயிருப்பார். மதியம் சொந்த வயலில் களை பறித்திருப்பார். பருத்தி எடுக்கும் பருவத்தில் பருத்தி, கடலை பிடுங்கும் பருவத்தில் கடலை. சாயங்காலம் மறுபடியும் பால். சொசைட்டி அட்டை கணவர் பெயரில் இருக்கும். பால் பணமும் அந்தப் பெயரில்தான் வரும். இத்தனையும் செய்தவர் தன்னைச் ‘சும்மா’ இருப்பவராகச் சொல்லிக்கொள்வது தன்னடக்கத்தால் அன்று. கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

தமிழில் வேலைக்குப் போவது வேறு, வேலை செய்வது வேறு. வேலைக்குப் போவதென்றால் வாசலைத் தாண்ட வேண்டும், மேலே ஒருவர் இருக்க வேண்டும், கூலி கைக்கு வர வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்மணி தயங்காமல் ‘வேலைக்குப் போறேன்’ என்பார். அதே கை சொந்த வயலில் களைக்கொத்து பிடித்தால் அது ‘நம்ம வீட்டுப் பாடு’. ஆகவே “வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டால் ஒரு பதிலும், “காலையில எந்திரிச்சதிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் இன்னொரு பதிலும் ஒரே வாயிலிருந்து வரும். இரண்டும் உண்மை. ஆனால் டெல்லியில் அச்சாகும் அறிக்கையில் இவற்றில் ஒன்றுக்குத்தான் இடம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் நிலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. சொந்தத் தொழில் செய்பவருக்கு 11, குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவருக்கு 21, மாதச் சம்பளக்காரருக்கு 31. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இதில் 21 என்று எழுதினால் அந்தப் பெண் நாட்டின் உழைப்பாளர் படையில் ஒருவர். 92 என்றோ 93 என்றோ எழுதினால் அவர் அந்தப் படைக்கு வெளியே. மேலே பார்த்த பால்காரப் பெண்மணிக்கு உரிய எண் 21. அவர் வாயிலிருந்து வந்த சொல்லோ 92-ஐத்தான் காட்டுகிறது. கணக்கெடுப்பாளர் இன்னும் ஐந்து நிமிடம் நின்று, மாடு யாருடையது, புல் யார் அறுப்பது, பால் யார் கறப்பது என்று விசாரித்திருந்தால் எண் மாறியிருக்கும். நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய ஒரு பெரிய முடிவு அந்த ஐந்து நிமிடத்தில் தொங்குகிறது.

நம் நாட்டில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உழைக்கும் பெண்கள் சுமார் 6 கோடி. அடுத்த கணக்கெடுப்பு 1971-இல். மக்கள்தொகை கூடியிருக்க, உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை சுமார் 3 கோடியாகச் சரிந்திருந்தது. பத்து ஆண்டுகளில் மூன்று கோடிப் பெண்கள் நாற்றங்காலை விட்டு எழுந்து போய்விடவில்லை. மாறியது பெரும்பாலும் வரையறை. 1961-இல் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரமாவது முறையாக உழைத்தவர் உழைப்பாளி. 1971-இல் ‘உங்கள் முதன்மையான வேலை எது?’ என்பதுதான் முதல் கேள்வி. அடுப்பும் வயலும் ஒன்றாகச் சுமக்கிற பெண்ணுக்கு எது முதன்மை? வீட்டுத் தலைவர் ‘வீட்டு வேலை’ என்றார், கணக்கு முடிந்தது.

எண்களை மட்டும் பார்த்தவருக்கு 1971-ஆம் ஆண்டின் அட்டவணை ஒரு பேரிடர்ச் செய்தி. படிவங்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு அது வேறொரு செய்தி. எண்சார் தரவைப் படிக்கும் பழக்கம் இந்த இரண்டாவது பார்வையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்வியைப் பார்க்க வேண்டும். யாரிடம் கேட்டார்கள், எந்தச் சொல்லால் கேட்டார்கள், எத்தனை நாள் நினைவைக் கேட்டார்கள், பதிலை எந்தப் பெட்டிக்குள் போட்டார்கள் என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணை மேடையில் உரக்கச் சொல்வது ஆபத்து.

இந்தச் சரிவு பெண்ணியப் பொருளியலாளர்கள் பலரை உலுக்கியது. ஆய்வாளர்களான தேவகி ஜெயின், மாலினி சந்த் ஆகியோர் 1970-களில் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று ஒற்றைக் கேள்வியில் நிற்காமல், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் நாளும் எப்படிக் கழிகிறது என்பதை மணிக்கணக்கில் பதிவு செய்தார்கள். வழக்கமான கணக்கெடுப்பு ‘உழைக்காதவர்’ என்று தள்ளிய பெண்கள் மாடு மேய்த்தார்கள், களை எடுத்தார்கள், கதிர் அடித்தார்கள், தானியம் புடைத்தார்கள்.

அவர்கள் கையாண்ட வழியைக் கவனிக்க வேண்டும். கிராமத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பது மானுடவியலாளர் வழக்கம். பார்த்ததை நிமிடமாகவும் மணியாகவும் எண்ணுவது புள்ளியியலாளர் வழக்கம். இரண்டையும் ஒரே ஆய்வில் சேர்த்ததால்தான் அந்த முடிவுக்கு எடை வந்தது. வெறும் அனுபவக் கதையாக இருந்தால் திட்டக் குழு காது கொடுத்திருக்காது. வெறும் அட்டவணையாக இருந்தால் பழைய தவறே திரும்ப அச்சாகியிருக்கும். இதைத்தான் ஆய்வுலகம் கலப்பு முறை என்கிறது. பெயர் புதிதாகத் தோன்றலாம். கண்ணால் கண்டதையும் எண்ணிப் பார்த்ததையும் ஒன்றை ஒன்று சோதிக்க விடுவது, அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம்.

இத்தகைய ஆய்வுகளுக்கும் பெண்கள் அமைப்புகளின் தொடர்ந்த வற்புறுத்தலுக்கும் பிறகு 1991 கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு சொற்றொடர் ஏறியது. வேலை பற்றிய கேள்வியோடு, ‘நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலை உட்பட’ என்ற பொருள்படும் சில சொற்கள் சேர்க்கப்பட்டன. வாசலில் நின்று பேசும் மொழியை ஒரு தேசியப் படிவம் காது கொடுத்துக் கேட்ட அரிய தருணம் அது.

இப்போது நிகழ்காலத்துக்கு வரலாம். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்பாளர் படையில் இருப்போர் 2017-18-இல் 23.3 சதவீதம். 2023-24-இல் 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் 18 புள்ளிகளுக்கு மேல் ஏற்றம். தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு தரப்பு இதைப் பெண்களின் எழுச்சி என்கிறது. மறுதரப்பு நம்ப மறுக்கிறது. இரு தரப்பினரும் அந்த ஒரே எண்ணைப் பிடித்து இழுக்கிறார்கள். அதை அவிழ்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அவிழ்த்தால் என்ன தெரிகிறது? உழைக்கும் பெண்களில் சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் வருவோர் 2017-18-இல் 51.9 சதவீதம். 2023-24-இல் 67.4 சதவீதம். இந்தச் சுயதொழில் தலைப்புக்குள்தான் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவும் பெண்கள் அடங்குகிறார்கள், அந்தக் குறியீடு 21. உழைக்கும் பெண்களில் அவர்கள் மட்டும் 36.7 சதவீதம். மாதச் சம்பளம் வாங்குவோரின் பங்கு 21 சதவீதத்திலிருந்து சுமார் 16 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதாவது, ஏற்றத்தின் பெரும்பகுதி அலுவலகக் கதவு வழியாக வரவில்லை. தொழுவத்தின் வழியாகவும் வயல் வரப்பின் வழியாகவும் வந்திருக்கிறது.

அட்டவணை இதற்கு மேல் பேசாது. இங்கேதான் மிக முக்கியமான கேள்வி எழுகிறது. இந்தப் பெண்கள் புதிதாக வயலில் இறங்கியவர்களா? ஆண்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போனதால் நிலமும் மாடும் இவர்கள் தலையில் விழுந்ததா? கொரோனாவுக்குப் பின் குடும்ப வருமானம் சுருங்கியதால் இறங்கினார்களா? சுய உதவிக் குழுக் கடனில் கறவை மாடு வாங்கி நிமிர்ந்தவர்களா? அல்லது எப்போதும் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் கணக்கெடுப்பாளர் இப்போது கூடுதலாக விசாரித்து, 92-லிருந்து 21-க்கு மாற்றினாரா? இந்தக் காரணங்கள் எல்லாமே அட்டவணையில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அரசு செய்ய வேண்டியது ஒவ்வொரு விதம். துயரத்தால் இறங்கியவருக்கு வேண்டியது வருமானப் பாதுகாப்பு. மாடு வாங்கி நிமிர்ந்தவருக்கு வேண்டியது பாலுக்கு நல்ல விலையும் கால்நடை மருத்துவரும். குறியீடு மட்டும் மாறியவருக்கு வாழ்க்கையில் எதுவுமே மாறவில்லை.

அதை அறிய வேண்டுமானால் குறியீடு மாறிய வீடுகளில் சில நூறு வீடுகளுக்காவது திரும்பிப் போக வேண்டும். டேப்லெட்டைப் பையில் வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, ‘நாலு வருஷத்துக்கு முன்னால உங்க நாள் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, கணக்கெடுப்பின் மொத்தச் செலவோடு பார்த்தால் சொற்பம். இருந்தும் இது அதிகாரப்பூர்வ நடைமுறையில் ஒரு பகுதியாக இல்லை. பல்கலைக்கழக ஆய்வாளர் யாராவது தன் சொந்த முயற்சியில் செய்தால் உண்டு.

கேள்வி கேட்கும் விதம் எவ்வளவு தூரம் எண்ணை மாற்றும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் தான்சானியாவில் உலக வங்கி ஆய்வாளர்கள் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரிடம் சுருக்கமான கேள்வித்தாளையும் சிலரிடம் விரிவான கேள்வித்தாளையும் கொண்டுபோனார்கள். சில வீடுகளில் அவரவரிடமே கேட்டார்கள், சில வீடுகளில் ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் கேட்டார்கள். சுருக்கமான தாளில் உழைக்கும் பெண்களின் விகிதம் குறைந்தது. பிறர் வாயால் கேட்டபோது ஆண்களின் விகிதம் குறைந்தது. ஊரும் அதே, மக்களும் அதே. நம் நாட்டுக் கணக்கெடுப்பிலும் வீட்டில் இருக்கிற ஒருவரே மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வது வழக்கம் என்பதை நினைத்தால் இந்தச் சோதனையின் அருமை புரியும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். 2019-இல் முதல் முறையாக நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் 1998-99-இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டம் நடந்தபோது தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. 2019-இல் 1,38,799 வீடுகளில் கேட்டார்கள். முதல் நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு முறை என்ன செய்தார்கள் என்று பதிந்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. மூன்று மடங்கு வேறுபாடு என்று தலைப்புகள் வந்தன.

அந்த 97-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது எல்லா ஆண்களின் சராசரி இல்லை. அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களின் சராசரி மட்டும். அப்படிச் செய்த ஆண்கள் 100-க்கு 26 பேர். பெண்களில் 100-க்கு 81 பேர். எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பெண்களுக்கு 243 நிமிடம், ஆண்களுக்கு 25 நிமிடம். மூன்று மடங்கு என்பது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. ‘யாருடைய சராசரி?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தலைப்பே மாறியிருக்கும். 2024-இல் மறுபடி எடுத்தபோது வேலை செய்தவர்களின் சராசரி பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது ஒரு செய்தி. ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பது இன்னொரு செய்தி, அது பெரிதாகப் பேசப்படவே இல்லை.

இவ்வளவு நுட்பமான கணக்கிலும் தப்பிப்போவது உண்டு. இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி, காது மாமியாரின் இருமலில். அரை மணிக் கட்டத்தில் அவர் ‘சமைத்தார்’. குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் முதியவருக்குக் காவல் இருந்ததும் கட்டத்தின் ஓரத்தில் நழுவிவிடும். குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு நேரம் எல்லா நாடுகளிலும் குறைவாகவே பதிவாகிறது என்று நேரக் கணக்கு நிபுணர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மாதிரியை நான்கு லட்சம் பேரிலிருந்து நாற்பது லட்சம் பேராக்கினாலும் இந்தக் குறை தீராது. கட்டத்தின் அமைப்பில் இருக்கிற குறை அது. அதைக் கண்டுபிடிக்கக் கூடவே இருந்து பார்த்த கண் ஒன்று வேண்டும்.

அதற்காகக் கதைகளை மட்டும் நம்பினால் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டிலேயே அதற்குக் கசப்பான பாடம் உண்டு. 1986-இல் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நடப்பதை ஓர் ஆங்கில இதழ் வெளிக்கொண்டு வந்தது. அந்தச் செய்தி நாட்டையே அதிர வைத்தது, அதிர வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் அதன் பின்விளைவாக, ஒரு வட்டாரமும் ஒரு சமூகமும் மட்டுமே குற்றவாளிகள் என்ற எண்ணம் பொதுப் புத்தியில் உறைந்துவிட்டது. மற்ற மாவட்டங்கள் நிம்மதியாக இருந்தன. 1990-களில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வி.பி. ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்துவைத்து, எங்கே எத்தனை ஆண் குழந்தைகள் இறந்தன, எத்தனை பெண் குழந்தைகள் இறந்தன, எத்தனை நாள் வயதில் இறந்தன என்று எண்ணினார்கள். சேலம், தர்மபுரி உட்படப் பல மாவட்டங்கள் வழியாக நீண்டு கிடந்தது அந்தக் கொடுமை. பதிவேட்டில் ‘சமூகக் காரணம்’ என்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் எழுதிய இரண்டு சொற்கள்தான் துப்பு. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம் அந்தச் சொற்களில் இருந்தது. எவ்வளவு தூரம் பரவியது என்பதை எண்ணிக்கை சொன்னது. ஒன்றில்லாமல் மற்றொன்றால் அந்த உண்மையைக் காட்டியிருக்க முடியாது.

பெண்களின் உழைப்பு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இப்போது கூடுதல் பொறுப்பு இருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அதற்கு ‘உதவி’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்ததற்குக் காரணம், வீட்டில் சம்பளமின்றி உழைக்கும் பெண்ணின் உழைப்பை அங்கீகரிப்பது என்று அரசே சொன்னது. கொள்கையில் ஏற்றுக்கொண்ட உழைப்பைக் கணக்கில் மட்டும் ஏற்காமல் விடுவது நியாயமில்லை. அந்த ஒரு கோடிப் பேரில் எத்தனை பேர் 92, எத்தனை பேர் உண்மையில் 21 என்பது தெரிந்தால் விவசாயக் கடன், கால்நடைக் காப்பீடு, நலவாரிய உறுப்பினர் அட்டை எல்லாம் யார் பெயரில் போக வேண்டும் என்பதும் தெரியும்.

மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை இதைத் தொடங்கலாம். பெரிய கணக்கெடுப்புக்கு முன் கடலோரம், டெல்டா, கொங்கு, மலைப்பகுதி என்று சில ஊர்களில் பெண்கள் தங்கள் வேலையை என்னென்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பட்டியலிட வேண்டும். ராமநாதபுரத்தில் கடற்பாசி எடுப்பவர் சொல்லும் சொல்லும், திருநெல்வேலிப் பக்கம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுபவர் சொல்லும் சொல்லும் ஒன்றாக இருக்காது. அந்தச் சொற்களைக் கொண்டு தமிழ்க் கேள்வித்தாளை எழுத வேண்டும். இப்போது பல நேரங்களில் ஆங்கிலத்தில் வகுத்த கருத்தை வாசலில் நின்றபடி அவரவர் மனத்துக்குத் தோன்றிய தமிழில் கேட்கிறார்கள். பத்துக் கணக்கெடுப்பாளர் பத்து விதமாகக் கேட்டால் கிடைப்பது ஒரு கணக்கெடுப்பு இல்லை, பத்துக் கணக்கெடுப்பு. எண்கள் வந்த பிறகு, எதிர்பாராத எண் எங்கே வந்ததோ அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ப் பேச வேண்டும். கேள்வி எந்தத் தமிழில் கேட்கப்பட்டது என்பதை அறிக்கையின் பின்னிணைப்பாக அச்சிட வேண்டும். படிக்கிற பத்திரிகையாளரும் சட்டமன்ற உறுப்பினரும் அதைப் பார்த்துவிட்டு எண்ணைப் பேசட்டும்.

மத்திய அரசின் அறிவிப்புப்படி அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நாள் 2027 மார்ச் 1. வீடு வீடாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக இருப்பார்கள். அவர்களுக்குத் தரும் பயிற்சியில் பாதி நேரம் செயலியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதில் போகும், அது தவிர்க்க முடியாதது. மீதி நேரத்தில் ஒரு அரை நாளை ஒதுக்கி, பெண்ணின் வேலையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். “சும்மாதான் இருக்கேன்” என்ற பதில் வந்தவுடன் அடுத்த வரிக்குப் போகாமல், மாடு இருக்கா, யார் பார்க்கிறது, கடலை உரிச்சது யாரு, கடையில உட்காருறது யாரு என்று கேட்கும் நான்கு துணைக் கேள்விகளைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் கொடுக்க வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் அந்தக் கேள்வியை வீட்டுத் தலைவரிடம் கேட்காமல், உள்ளே அடுப்படியில் நிற்கிறவரை வெளியே கூப்பிட்டு அவரிடமே கேட்க வேண்டும்.